நாடி பார்க்காமல் கொடுக்கும் பத்து வருஷம்!

போன வருஷம் ஆடி மாதம் ஒரு அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பூக்கட்டி விற்கிறவர். "தூக்கமே வர மாட்டேங்குது டாக்டர். சோறு தொண்டைக்குக் கீழே இறங்கலை. யாராவது கதவைத் தட்டினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றார்.

நாடி பார்த்தேன். வாதமும் பித்தமும் சேர்ந்து ஏறிக் கிடந்தன. ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, இரவில் பாலில் கலந்து சாப்பிட அமுக்கரா சூரணமும், பசி எடுக்க சீரகத் தண்ணீரும் சொல்லி அனுப்பினேன். இரண்டு தடவை வந்தார். முகத்தில் ஒரு தெளிவும் இல்லை. மூன்றாம் தடவை, "வீட்டிலே என்னம்மா பிரச்னை?" என்று கேட்டேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார்.

அவருடைய பையன் ஜெயிலில் இருக்கிறான். வாடகைக்கு 'குட்டியானை' ஓட்டிக்கொண்டிருந்தவன். 2019-ல் ஒரு லோடு ஏற்றி வரும்போது வழியில் நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். மூட்டைகளுக்கு நடுவே 24 கிலோ கஞ்சா. லோடு ஏற்றிவிட்டவன் யார் என்று இன்று வரை தெரியவில்லை. வாங்க வேண்டியவனும் சிக்கவில்லை. வண்டியும் இவனும்தான் சிக்கினார்கள். பத்து வருஷம் கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கட்ட முடியாவிட்டால் மேலே ஒரு வருஷம்.

"மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்க மாட்டியாடான்னு கேட்டேன் டாக்டர். 'கேட்டா அடுத்த வாடகை வராதும்மா'ன்னான்..."

அவனுக்கு 24 வயசில் நடந்தது இது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கைக்குழந்தை. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவனுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் காசுக்காக ஏற்றினானா? நான் அவனுக்கு வக்கீல் இல்லை. தெரிந்தேதான் ஏற்றினான் என்றே வைத்துக்கொள்வோம். தப்பு தப்புதான். என் கேள்வி வேறு. அந்தத் தப்புக்குப் பத்து வருஷம் என்று தீர்மானித்தது யார்? நீதிபதியா? இல்லை, தராசு!

கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க இந்தச் சித்த வைத்தியன் கிளம்பிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சா என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பதினாறு, பதினேழு வயசுப் பையன்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற பெற்றோரை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். படிப்பு போச்சு, ஞாபகம் போச்சு, குளிக்க மாட்டேன் என்கிறான், தனியாகப் பேசிச் சிரிக்கிறான் என்று அழுவார்கள். மனச்சிதைவுக்கு உள்ளூர வாய்ப்பு உள்ள பையன்களுக்கு அந்த வயசில் கஞ்சா எமன்தான். சீக்கிரமாக மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பேன். இதற்குச் சூரணம் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துவது பாவம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "சித்தர்களே சொன்ன மூலிகை சார் இது" என்று எவனாவது கஞ்சாவை நியாயப்படுத்தினால் நம்பாதீர்கள். கோரக்கர் மூலி என்றும் சிவமூலி என்றும் எங்கள் நூல்களில் அதற்குப் பெயர் உண்டு. மருந்தில் சேர்த்ததும் உண்டு. ஆனால் அது நஞ்சு வகையில் வரும் சரக்கு. சுத்தி செய்யாமல் தொடக் கூடாது. செய்த பிறகும் அளவு மிஞ்சக் கூடாது. குணபாட வகுப்பில் எங்கள் வாத்தியார் இந்த வகைச் சரக்குகளை நடத்தும்போது முதல் நாள் மருந்தைப் பற்றியே பேச மாட்டார், நோயாளியைப் பற்றித்தான் பேசுவார். வயசு என்ன, உடல் வன்மை என்ன, நோய் வன்மை என்ன, என்ன காலம், எந்த ஊர்க்காரன்... இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அரிசி எடையா, குன்றிமணி எடையா என்று முடிவு செய்ய வேண்டும். "எல்லோருக்கும் ஒரே அளவு என்று கட்டி வைக்கிறவன் வைத்தியன் இல்லை, மளிகைக் கடைக்காரன்" என்பார்.

நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு அந்த வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

இந்தச் சட்டம் 1985 நவம்பரில் அமலுக்கு வந்தது. அபின், ஹெராயின் போன்றவற்றில் பிடிபட்டால் குறைந்தது பத்து வருஷம், அதிகபட்சம் இருபது வருஷம், குறைந்தது ஒரு லட்ச ரூபாய் அபராதம். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருந்தேன் என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் பிடிபட்டவன் தலையில்தான். பொட்டலம் வைத்திருந்த அடிமையும் கடத்தல்காரனும் ஒரே செக்கில் ஆட்டப்பட்டார்கள். 1989-ல் இன்னும் இறுக்கி, பெரிய அளவில் இரண்டாம் தடவை மாட்டினால் தூக்குத் தண்டனைதான் என்று கொண்டுவந்தார்கள். 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டு, தூக்கைக் கட்டாயமாக்க முடியாது, நீதிபதி முடிவு செய்யட்டும் என்றது. 2014-ல் சட்டமும் அப்படியே திருத்தப்பட்டது.

நடுவில் 2001-ல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. அளவைப் பார்த்து மூன்று படியாகப் பிரித்தார்கள். கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. இரண்டுக்கும் நடுவே இருப்பது இடை அளவு. ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும். சிறிய அளவுக்கு இன்றைய நிலையில் ஒரு வருஷம் வரை தண்டனை. இடை அளவுக்குப் பத்து வருஷம் 'வரை' கொடுக்கலாம். வணிக அளவைத் தாண்டிவிட்டால் பத்து வருஷத்துக்குக் 'குறையாமல்' கொடுக்க வேண்டும்.

'வரை', 'குறையாமல்'... இந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் அந்த அம்மாவின் பையன் மாட்டிக்கொண்டிருக்கிறான். மூட்டையில் 19 கிலோ இருந்திருந்தால் நீதிபதி அவன் வயசைப் பார்க்கலாம், முதல் தடவை என்பதைப் பார்க்கலாம், இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கொடுத்து அனுப்பலாம். 24 கிலோ என்று தராசு சொன்னதும் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தண்டனையைப் பத்து வருஷத்துக்கு மேலே கூட்டுவதற்கு எதையெல்லாம் கவனிக்கலாம் என்று சட்டத்தில் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. ஆயுதம் வைத்திருந்தானா, அரசுப் பதவியில் இருந்தானா, சிறுவர்களைப் பயன்படுத்தினானா, பள்ளிக்கூடத்தில் வைத்துச் செய்தானா என்று ஆறு காரணங்கள். நியாயமான காரணங்கள்தான். ஆனால் பத்துக்குக் கீழே குறைப்பதற்கு? ஒரு காரணமும் கிடையாது.

சரி, அந்த எடையாவது ஒழுங்கான அளவுகோலா? மூலிகையோடு முப்பது வருஷமாகப் பழகுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பச்சை மூலிகையை நிழலில் உலர்த்தினால் நாலில் ஒரு பங்கு, சிலது ஐந்தில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சும். வீட்டில் கறிவேப்பிலை காய வைத்துப் பொடி செய்கிற பெண்களுக்கு இது தெரியும். ஈரத்தோடு பிடித்த மூட்டைக்கும் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும் மூட்டைக்கும் சரக்கு ஒன்றாக இருந்தாலும் எடை ஒன்றாகுமா? கஞ்சா என்று சட்டம் சொல்வது செடியின் பூ, காய் பிடித்த நுனியைத்தான். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையையும் விதையையும் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் மூட்டையைப் பிடிக்கும்போது தண்டு, இலை, விதை எல்லாம் ஒன்றாகத்தானே கிடக்கும்? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கோர்ட்டுகளில் வக்கீல்கள் மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு கிலோ தண்டு ஒரு மனுஷனுடைய எட்டு வருஷத்தைத் தீர்மானித்துவிடக் கூடும்.

இதைவிட விசித்திரம் ஹெராயின் விவகாரம். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் தேனை அனுபானம் என்போம். ஒரு சிட்டிகை செந்தூரத்தை ஒரு ஸ்பூன் தேனில் குழைத்தால் மருந்தின் அளவு சிட்டிகையா, ஸ்பூனா? சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. ஒருவரிடம் நாலு கிலோவுக்குச் சற்று மேல் பொடி பிடிபட்டிருந்தது. சோதித்துப் பார்த்ததில் அதில் ஹெராயின் ஒன்றரை சதவீதம்தான். கணக்குப் போட்டால் 60 கிராம் சொச்சம். மற்றதெல்லாம் கலப்பு. கீழ்க்கோர்ட் மொத்தப் பொடியையும் எடை போட்டுப் பத்து வருஷம் கொடுத்திருந்தது. அசல் போதை மருந்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆறு வருஷமாகக் குறைத்தது. அடுத்த வருஷமே, 2009 நவம்பரில், மொத்தக் கலவையின் எடைதான் கணக்கு என்று மத்திய அரசு அறிவிக்கை போட்டுவிட்டது. 2020-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வும், கலப்பையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அவர்கள் சொல்லும் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. தெருவில் யாரும் சுத்தமான ஹெராயின் விற்பதில்லை, கலந்துதான் விற்கிறார்கள். கலக்கும் கண்ட கண்ட பொடிகளும் ஆளைக் கெடுக்கின்றன என்பது நிஜம்தான். ஆனால் யாரிடம் கலப்பு அதிகமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே இருக்கிற முதலாளியிடம் இருப்பது அடர்த்தியான சரக்கு, எடை குறைவு. கை மாறிக் கை மாறிக் கீழே வர வர மாவும் பொடியும் சேர்ந்து எடை ஏறும். கடைசியில் தெருமுனையில் நிற்கிறவன் கையில் இருப்பதில் முக்கால்வாசிக்கு மேல் மாவுதான். தராசு அவனைத்தான் பெரிய வியாபாரி என்கிறது!

அமெரிக்காவில் இதே கூத்து 1991-ல் நடந்தது. எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைத் தாளில் ஊற வைத்து விற்பார்கள். ஒரு வழக்கில் பிடிபட்டது ஆயிரம் வேளைக்கான தாள். மருந்து மட்டும் சுமார் 50 மில்லிகிராம். தாளோடு சேர்த்து எடை 5.7 கிராம். ஒரு கிராமைத் தாண்டினால் அங்கே குறைந்தது ஐந்து வருஷம். காகிதத்தின் எடையையும் சேர்க்கத்தான் வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே மிச்சிகன் என்ற மாநிலத்தில் 1978-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஹெராயினோ கொகெய்னோ 650 கிராம் இருந்தால் சாகும் வரை ஜெயில், பரோல் கிடையாது. முதல் தடவை மாட்டிய சின்னப் பையன்கள் எல்லாம் ஆயுள் முழுக்க உள்ளே கிடந்தார்கள். இருபது வருஷம் கழித்து 1998-ல்தான் தளர்த்தினார்கள். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் வில்லியம் மில்லிகன், தன் பொதுவாழ்வில் செய்த மிகப் பெரிய தவறு அதுதான் என்று பிற்பாடு வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அப்படி ஒப்புக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும்.

சிங்கப்பூரில் எடை கூடினால் உயிரே போகும். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே தூக்கு. 2009-ல் 42 கிராம் சொச்சம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டியபோது பிடிபட்ட மலேசியத் தமிழ் இளைஞருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயசு. அறிவுத்திறன் அளவு 69 என்று சோதனையில் வந்தது. வைத்தியம் படித்த யாரும் அந்த எண்ணைக் கேட்டதும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். 2022 ஏப்ரலில் தூக்கில் போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் மலேசியா, 2023-ல் கட்டாயத் தூக்கை எடுத்துவிட்டு, முடிவை நீதிபதிகள் கையில் கொடுத்துவிட்டது.

நம் ஊருக்கே திரும்பி வருவோம். பத்து வருஷம் என்பது தீர்ப்பில் ஒரு வரி. வீட்டுக்குள் அது எப்படி வந்து இறங்குகிறது என்பதை அந்த அம்மா சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது.

முதலில் ஜாமீன். வணிக அளவு வழக்கில், இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப முகாந்திரம் இருக்கிறது, வெளியே விட்டாலும் தப்புச் செய்ய மாட்டான் என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காதபோது அந்தத் திருப்தி எங்கிருந்து வரும்? குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் அவகாசம். கேட்டால் ஒரு வருஷம் வரை நீட்டலாம். 1994-ல் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி வழக்குகளில் விசாரணை முடியாமலே ஐந்து வருஷம் உள்ளே கிடந்தவர்களை ஜாமீனில் விடச் சொல்லி உத்தரவு போட்டது. ஐந்து வருஷம் கிடந்த பிறகு! அப்படிக் கிடந்தவர்கள் இருந்ததால்தானே அந்த உத்தரவே தேவைப்பட்டது?

அடுத்து, தண்டனைக் குறைப்பு. மற்றக் கைதிகள் ஒழுங்காக இருந்தால், வேலை செய்தால், வருஷத்துக்கு இத்தனை நாள் என்று கழிவு கிடைக்கும். இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு அது கிடையாது. பத்து வருஷம் என்றால் முழுசாகப் பத்து வருஷம். உள்ளே ஒருவன் திருந்தினாலும் அதே நாள்தான், திருந்தாவிட்டாலும் அதே நாள்தான். திருந்துவதற்கு அவனுக்கு நாம் காட்டும் காரணம் என்ன?

அப்புறம் அந்த ஒரு லட்சம். பெரிய கடத்தல்காரனுக்கு அது ஒரு நாள் செலவு. பூக்கட்டுகிறவருக்கு? இருந்த இரண்டு பவுனும் வக்கீலுக்கே போய்விட்டது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள்மேலும் குற்றம் சொல்ல மனசு வரவில்லை இந்த அம்மாவுக்கு. "இருபத்தோரு வயசுப் பொண்ணு டாக்டர். பத்து வருஷம் என்னத்த நம்பி உக்காரும்?" தெருவில் 'கஞ்சாக்காரன் வீடு' என்று பெயராகிவிட்டது. கோயில் வாசலில் பூக்கடை போட்டிருந்த இடத்தை மாற்றிக்கொண்டு தூரத்தில் ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். வருமானம் பாதி. அந்த அம்மாவின் தூக்கத்தை எந்தக் கோர்ட்டும் எந்தப் பிரிவிலும் பறிக்கவில்லை. ஆனால் போனது போனதுதான்.

மருத்துவனாக எனக்கு வலிக்கிற இடம் இன்னொன்று. போதைக்கு அடிமையானவன் நோயாளி. அவனில் பலர் வேளைக்கு மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பொட்டலம் சுமக்கிறார்கள். ஹெராயின் பழகியவனுக்கு அது கிடைக்காமல் போனால் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டும், குடல் முறுக்கும், வயிற்றால் போகும், எலும்பெல்லாம் குடையும். அந்த வேதனைக்குப் பயந்து எதையும் செய்வான். சிறிய அளவோடு பிடிபட்டால் அவனைச் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது. வணிக அளவு என்று எடை சொல்லிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சிகிச்சை இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு வெளியே வரும் ஆள், பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. உள்ளே இருந்த காலத்தில் தாங்கும் சக்தி போயிருக்கும். விடுதலையான முதல் சில வாரங்களில்தான் இப்படிச் சாவுகள் அதிகம் என்பது உலகம் முழுக்க வைத்தியர்கள் பார்த்தது.

"கொஞ்சமாவது பயம் வேண்டாமா டாக்டர்? பள்ளிக்கூட வாசலில் விற்கிறானே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயசுக்காரன்தான். பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனுக்குப் பத்து என்ன, இருபது கொடுங்கள். இருபது கொடுக்கிற அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறதே! நான் அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் பயம் காட்டினால் ஒழிந்துவிடும் என்று நாற்பது வருஷமாகக் காட்டியாயிற்று. காலைப் பேப்பரைப் பிரித்தால் கஞ்சாப் பிடிபடாத நாள் ஒன்று உண்டா? தண்டனை எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டு யாரும் மூட்டை ஏற்றுவதில்லை. மாட்ட மாட்டோம் என்ற தைரியத்தில்தான் ஏற்றுகிறார்கள். ஏற்றச் சொல்கிறவனுக்கு அந்தத் தைரியம் இன்னும் அதிகம். அவன் வண்டியிலேயே ஏறுவதில்லை.

சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். முதல் தடவை மாட்டியவன், வன்முறை இல்லாதவன், கூலிக்குச் சுமந்தவன், நோயாளி... இப்படிப்பட்டவர்கள் விஷயத்தில், காரணத்தைத் தீர்ப்பில் எழுதி வைத்துவிட்டுப் பத்து வருஷத்துக்குக் குறைத்தும் நீதிபதி கொடுக்கலாம் என்ற வரி. கடுமைக்குப் பேர் போன அமெரிக்காவே 1994-ல் இப்படி ஒரு சலுகை வழியைத் திறந்துவிட்டது. நீதிபதி தப்பாகக் குறைத்துவிட்டால் மேல்கோர்ட் இருக்கவே இருக்கிறது. தராசு தப்புச் செய்தால்தான் அப்பீல் இல்லை.

சட்டம் மாறுகிறபோது மாறட்டும். வீட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பையன் பழகிவிட்டான் என்று தெரிந்தால் மானத்துக்குப் பயந்து மூடி மறைக்காதீர்கள். நாள் போகப் போக, குடிக்கிறவன் விற்கிறவனிடம் கடன்படுவான். கடனுக்குப் பொட்டலம் சுமப்பான். சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்தே விலக்குப் பெற இதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகும். இதை வக்கீல்களே பல சமயம் எடுத்துச் சொல்வதில்லை, நீங்கள் கேளுங்கள். போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தை அணுகலாம், 15100-லும் கேட்கலாம். நகையை விற்றுவிட்டுப் போகாதீர்கள், முதலில் அங்கே போங்கள். வண்டி ஓட்டும் பிள்ளைகள் இருந்தால், மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பில் இல்லாத லோடு வேண்டவே வேண்டாம். "எனக்குத் தெரியாது" என்பது இந்தச் சட்டத்தில் வெறும் பேச்சாக எடுபடாது. தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஓட்டுகிறவனே நிரூபிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன், மகளுக்குக் குருமாப் பொடி அரைத்து அனுப்புகிற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் அஞ்சறைப் பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் கசகசா, அபின் செடியின் விதை. சிங்கப்பூரிலும் துபாய் முதலான வளைகுடா நாடுகளிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அங்கேயும் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் குருமாவின் மணம் தெரியாது.

அந்த அம்மா இப்போதும் மாதம் ஒரு தடவை வருகிறார். தூக்கம் பரவாயில்லை, நாலு மணி நேரம் வருகிறதாம். போன தடவை பையனைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். கையெல்லாம் சொறி பிடித்திருக்கிறது அவனுக்கு, அருகன் தைலம் கொடுங்கள் என்றார். உள்ளே விட மாட்டார்களே அம்மா, அங்கே இருக்கும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.

"தெரியும் டாக்டர். வெளியே வந்தா போட்டுக்கட்டும்னு கேட்டேன். எத்தனை நாள் கெடாம இருக்கும்?"

"ஒரு வருஷம்மா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப இப்ப வேணாம்" என்று தன் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.